இன்பமேரி குடிக்காத தண்ணீர்

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த இன்பமேரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மாதா கோயில் திருவிழாவில் கொடுக்கிற அவலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

காரணம் இருந்தது. முதல் பிள்ளையை ஏழு மாதம் சுமந்திருந்தபோது காய்ச்சல் வந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் சிவப்பாக ஒரு மருந்து கொடுத்தார். மறுநாள் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று என்றார்கள். அவளோ மருந்துச் சீசாவைத்தான் நினைத்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

ஐம்பத்து நாலாம் வருஷம் மாசியில் அவள் மறுபடியும் ஆறு மாதம். பனி விலகியதும் வெயில் முதுகைப் பொசுக்கும் காலம். புதிதாக வந்திருந்த நர்ஸ் சிசிலி, கொல்லத்துப் பக்கத்துக்காரி, கையில் தண்ணீர்க் கெட்டிலும் தம்ளருமாகச் சரிவேறி வந்தாள். இன்பமேரியின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். அது மெதுவாகத்தான் படிந்தது.

"வெள்ளம், அதான் தண்ணி, போதவே இல்லை. மூத்திரம் மஞ்சளாத்தான போகுது?"

இதை ஏன் கேட்கிறாள் என்று இன்பமேரிக்கு உறுத்தியது. "இதுல என்ன கலந்திருக்கிய?"

"சீரகம். கொதிக்க வச்ச தண்ணி. வேற என்ன?"

"எனக்கு மட்டும் ஏன்?"

"வயித்துப் பிள்ளைக்காரி எல்லாருக்கும்தான்."

சிசிலி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தலை மறைந்ததும் இன்பமேரி தம்ளரை ஒரு தேயிலைச் செடியின் வேரில் கவிழ்த்தாள். செடி வாடுகிறதா என்று மூன்று நாள் கவனித்தாள். வாடவில்லை. மெல்லக் கொல்லும் விஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கெட்டில் வரும்போதெல்லாம் குடிப்பதுபோல் உதட்டை நனைத்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினாள்.

பங்குனியில் அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. ஒரு மத்தியானம், சரிவில் நின்றவளுக்கு வயிறு கல்லாக இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. போன தடவையும் ஏழாம் மாதம்தான். கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். கணவன் சகாயம் அவளைத் தூக்கிக்கொண்டு லயத்து வரிசையில் இருந்த வீட்டுக்கு ஓடினான். சிசிலி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

இன்பமேரி பல்லைக் கடித்துக்கொண்டாள். "மொதல்ல நீங்க குடிங்க."

சிசிலி பாதியைக் குடித்தாள்.

"வாயத் தெறந்து காட்டுங்க."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்று சகாயம் கூசிப் போனான்.

சிசிலி வாயைத் திறந்து காட்டினாள். அப்போதும் இன்பமேரிக்கு மனம் ஒப்பவில்லை. "என் பானைத் தண்ணி. என் அடுப்பு. என் கண்ணு முன்னால எங்க வீட்டுக்காரவுக கொதிக்க வைக்கட்டும்."

"சரி" என்று சிசிலி தரையில் உட்கார்ந்தாள். சகாயம் விறகை ஊதினான். ஆறிய தண்ணீரை இன்பமேரி மடக்கு மடக்காகக் குடித்தாள். இரண்டு தம்ளர், மூன்று தம்ளர். வெயில் சாயும்போது வயிறு இளகிக் கொடுத்தது. உள்ளே பிள்ளை புரண்டது. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

"இவ்வளவு தாகத்தை வச்சுக்கிட்டு ஏன் குடிக்கல?" என்றாள் சிசிலி.

இன்பமேரி தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "குடிச்சா எங்க ஒதுங்குறது? மேல ரோடு, கீழ செடி கவாத்து வெட்டுற ஆம்பளைய. ஒருத்தி வரிசைய விட்டுப் போனா குருசாமி கங்காணி மல முழுக்கக் கேக்க ஏசுதாரு. காலம்பற ஒரு மடக்குக் கட்டஞ்சாயா. அம்புட்டுத்தான். நான் மட்டுமில்ல, எல்லாப் பொம்பளையளும் அப்படித்தான்."

சிசிலியின் முகம் மாறியது. "இத்தனை நாளா குடி குடின்னு சொன்னேன். இது எனக்குத் தோணவே இல்லியே."

மறுநாள் அவள் குருசாமியிடம் போனாள். "ஏழு மாசக்காரி விழுந்துட்டா. இனி ஒருத்தி விழுந்தா, ஏன் விழுந்தான்னு மேலிடத்துக்குப் போற நோட்டுல நான் எழுதித்தான் வைப்பேன்" என்றாள். குருசாமி முறைத்தார், முணுமுணுத்தார். ஆனாலும் இரண்டு நாளில் சரிவின் ஓரத்தில் நாலு கம்பு நட்டு, சாக்குப் படுதா கட்டி ஒரு மறைப்பு எழுந்தது. அதில் ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்த பிறகே இன்பமேரி உள்ளே போனாள்.

ஆனி முதல் வாரம் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய இன்பமேரி, வரிசையில் நின்ற பிள்ளைத்தாய்ச்சிகளிடம், "இன்னிக்கு எத்தன தடவ ஒதுங்குனிய?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவர்கள் சொன்ன கணக்கை அவள் நம்பவில்லை. தம்ளரைக் கையில் கொடுத்து, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறவரை எதிரிலேயே நின்றாள்.