பியூலாவின் மாஸ் தட்டுகள்

தாம்பரத்துக்கு அருகே ஒரு பெண்கள் கல்லூரியில் பியூலா தாவரவியல் விரிவுரையாளர். சேலையூரில் வீடு. கணவர் வில்பிரட்டுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. 2001இல், முப்பத்தெட்டு வயதில், வேலையில் இருந்தபடியே பி.எச்.டி.க்குப் பதிவு செய்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி பழையது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு செடிகள் நீரைவிட்டுத் தரைக்கு வந்தபோது, தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய் எப்படி உண்டானது? பாறையில் பாசிபோல் படரும் மாஸ் செடியின் தண்டு நடுவிலும் மெல்லிய குழாய்கள் உண்டு. செல் தன் உள்ளிருப்பை இழந்து, செத்து, வெற்றுக் கூடான பிறகுதான் அதில் தண்ணீர் ஓடும். மரங்களின் நீர்க்குழாயான சைலத்திலும் அப்படியே. ஆனால் சைலத்தின் சுவரை லிக்னின் என்ற கெட்டியான பொருள் தாங்குகிறது. மாஸுக்கு அந்தத் தாங்கல் இல்லை. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா, தனித்தனியே தோன்றியவையா? மாஸின் குழாய் மாதாமாதம் உருவாவதைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும் என்று நம்பினாள்.

ஏற்காட்டுப் பாறையிலிருந்து எடுத்துவந்த மாஸின் வித்துத்தூளைத் தட்டுகளில் விதைத்து, ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் வளர்த்தாள். உப்பு சேர்ந்தால் மாஸ் கருகிவிடும். அதனால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. இரண்டரை ஆண்டு விடாமல் தண்டை அறுத்து ஸ்லைடு போட்டாள்.

2004 கோடையில் கல்லூரிக் கிணறு வற்றியது. லாரித் தண்ணீரை நம்பி ஹாஸ்டல் நடந்தது. முதல்வர் அவளை அழைத்தார்.

"பியூலா, நாலு லிட்டர் வடிக்க நாற்பது லிட்டர் ஓடுதாமே. ஹாஸ்டல்ல பொண்ணுங்க ரெண்டு நாளா குளிக்கலை. மெஷினை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"சரி மேடம்" என்றாள். முதல்வர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

வில்பிரட் குரோம்பேட்டையில் மெக்கானிக் கடைகளில் அலைந்து பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் வாங்கிவந்தார். கொஞ்ச நாள் ஓடியது. மே மாதம் அந்தச் சரக்கும் தீர்ந்து, லேபிள் இல்லாத ஒரு கேன்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினாள்.

ஆய்வக உதவியாளர் கங்கையம்மாள் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "எங்க தெருவுக்கு லாரி வந்து மூணு நாளாச்சு டீச்சர். நீங்க இன்னாடான்னா பாசிக்கு ஊத்திக்கினு கீறீங்க."

பியூலா கேனின் மூடியைத் திருகி மூடினாள்.

இரண்டாம் வாரம் இலை நுனிகளில் உப்பு வெள்ளைப் பொடியாகப் படிந்தது. பிறகு பழுப்பு. ஒரு தண்டை அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நடுக்குழாய்கள் நசுங்கிக் கிடந்தன. எட்டுத் தட்டுகளில் ஆறு போயின. நல்ல நீர் கிடைத்தால் மீதி இரண்டையாவது கழுவிக் காப்பாற்றலாம். அது எங்கும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை கங்கையம்மாள் ஒரு சின்னக் குடத்தோடு வந்தாள். "நேத்து சாயங்காலம் லாரி வந்திச்சு. உங்க முகத்தைப் பார்க்க முடியல டீச்சர். இத்த ஊத்துங்க, பொழச்சுக்கும்."

அரைக் குடம் லாரித் தண்ணீர். அதில் உப்பும் குளோரினும் இருக்கும். ஊற்றினால் மீதியும் போய்விடும். தன் வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டியதில் எடுத்து வந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? குடத்தை வாங்கிக்கொண்டாள். கங்கையம்மாள் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றினாள்.

"அவ்ளோதானா? இன்னும் ஊத்துங்க" என்றாள் கங்கையம்மாள்.

பியூலா இரண்டாவது தட்டிலும் ஊற்றினாள்.

ஜூன் முடிவதற்குள் எட்டுத் தட்டும் கருகின. அவளுடைய ஆய்வு வழிகாட்டி ராஜகோபாலன் அக்டோபரில் ஓய்வுபெற இருந்தார். "மறுபடி விதைச்சா மூணு வருஷம் ஆகும்மா. நான் இருக்க மாட்டேன். வேற கைடு இந்தத் தலைப்பை எடுக்க மாட்டாங்க" என்றார் போனில்.

"புரியுது சார்."

"உன் மேல தப்பில்லம்மா."

யார் மேலும் தப்பில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு பதிவு காலாவதியானது. மழை வந்ததும் வில்பிரட், "ஏற்காட்டுப் பாறைக்கு இன்னொரு தடவை போய் வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "லீவ் இல்லங்க" என்று சொல்லிவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பிரித்தாள்.