அகல மொனிட்டர்ல தெரிஞ்ச அக்கா

நேத்து லெப்டொப்புக்கு அப்டேட் போட்டேன். இன்னைக்கு காலையில இருந்து பக்கத்துல இருக்கிற பெரிய மொனிட்டர் கறுப்பாவே கிடக்குது. கேபிள் மாத்தியும் பார்த்தாச்சு. சிக்னல் இல்லைன்னு ஒரே பல்லவி.

வெள்ளிக்கிழமை வேற.

வெள்ளின்னா செல்வம் அண்ணன் ரப்பர் பால் வெட்டி முடிச்சதும் நேரா தெஹியோவிட்டைக்கு, நம்ம கொமினிகேஷன் கடைக்கு வந்துருவார். குவைத்ல வீட்டு வேலை செய்யற சம்சாரத்தோட அந்தப் பெரிய மொனிட்டர்ல பார்த்துப் பேசுவார். "பாருங்க தம்பி, தோட்டத்துல இருந்தத விட நல்லா சதை போட்டிருக்கா"ன்னு வாரா வாரம் சிரிப்பார்.

அது அகல மொனிட்டர். என் பழைய லெப்டொப் அதுல படத்தை பக்கவாட்டுல இழுத்துத்தான் காட்டும். அதுல யாரா இருந்தாலும் குண்டுதான். எனக்குத் தெரியும். மனுஷன் சந்தோஷமா போறாரேன்னு சொல்லாம விட்டுட்டேன்.

இன்னைக்கு வேற வழியில்லாம லெப்டொப்லயே போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் குனிஞ்சு பார்த்தார். "என்னடி, ஒரே வாரத்துல இப்படி இளைச்சுப் போயிட்ட? காய்ச்சலா?"

"இல்லைங்க. இங்க வந்து ரெண்டு மாசத்துலயே இப்படி ஆயிட்டேன். நீங்கதான் குண்டாயிட்டேன்னு சிரிச்சீங்க. அதான் நானும் சிரிச்சேன்."



கோல் கட்டானதும் அண்ணன் எழும்பி, கறுத்துக் கிடந்த மொனிட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். "அடுத்த வெள்ளிக்குள்ள இதை சரி பண்ணிருங்க தம்பி."

அப்டேட் போட்டு மொனிட்டர் செத்துப் போனவங்க யாராவது இருந்தா, எப்படி சரி பண்ணினீங்கன்னு சொல்லுங்க.

சரி பண்ணத்தான் வேணுமான்னும் சொல்லுங்க.