நாத்துக்கு ஓடின ஜெனரேட்டர் செட்டு

மைக் செட்டு, லைட்டு செட்டு, பம்பு செட்டு, ஜெனரேட்டர் செட்டு. பாப்பாரப்பட்டி சுத்துவட்டாரத்துல இந்த நாலு வேலையையும் ஒத்தை ஆளா உண்டாக்கினவன் நான். படிப்பு அஞ்சாவது. கையில முதல் கிடையாது, தூக்கிவிட ஆள் கிடையாது. செட்டுங்கிற வார்த்தைக்கு இங்கிலீஷுல பக்கம் பக்கமா அர்த்தம் இருக்குதாம். இருக்கட்டும். செட்டு சேர்ந்து சுத்துறதும் தெரியும், செட்டு தோசையும் தெரியும், மாப்பிள்ளை செட் ஆவாம போறதும் தெரியும். எனக்குச் சோறு போட்டது அந்த நாலுதான். ஒரு நாள் அதுங்களே ஒண்ணோடொண்ணு மோதிக்கிச்சு. இந்த வேலைக்குப் புதுசா வர்ற பசங்க கேட்டுக்கணும்.

மாரியம்மன் பண்டிகை. முந்தின நாளே டிரான்ஸ்பார்மர் புகைஞ்சு ஊர்ல கரண்டு இல்லை. என் ஜெனரேட்டர்லதான் கோயில் மைக்கும் லைட்டும் ஓடுது. மாதம்மா ஓடியாந்துச்சு. நகையை அடகு வச்சு தக்காளி நாத்துப் பண்ணை போட்ட பொண்ணு.

"அண்ணா, போர்ல தண்ணி இருக்குது, ஏத்த கரண்டு இல்லீங்க. தண்ணி டேங்கர் எல்லாம் பண்டிகைக்கு வந்துருச்சு. நாத்து பூரா தலை சாஞ்சிருச்சு, சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க."

நான் ஒயரைக் கழட்ட ஆரம்பிச்சேன். தர்மகர்த்தா பாய்ஞ்சு வந்தாரு.

"யோவ், மைக் செட்டு இல்லாம சாமி எப்படிய்யா கிளம்பும்?"

"மைக் செட்டு வர்றதுக்கு முன்னாடி சாமி உள்ளயேவா குந்தியிருந்துச்சு? பம்பை மேளத்தை அடிக்கச் சொல்லுங்க."

"அடுத்த வருசம் உனக்கு இங்க வேலை கிடையாது, பாத்துக்க!"

"எனக்கு வேற ஊர் கோயில் இருக்குதுங்க. நாத்து செத்தா இந்தப் பொண்ணுக்கு என்னங்க இருக்குது?"

ஜெனரேட்டரை டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போனேன். ஈ.பி. லைனைப் பிரிச்சு விட்டுட்டு ஸ்டார்ட்டர்ல கொடுத்தேன். மோட்டார் ஓடுது, தண்ணி வரலை. மாதம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு. மோட்டார் தலைகீழாச் சுத்துது. நிறுத்தினேன், ரெண்டு பேஸ் ஒயரை மாத்திக் கொடுத்தேன். குழாய் இருமிக்கிட்டே கக்கிச்சு. அந்தப் பொண்ணு ஓஸ் பைப்பைத் தூக்கிட்டு நாத்துப் பக்கம் ஓடுச்சு. கோயில் பக்கம் பம்பைச் சத்தம். சாமியும் கிளம்பிருச்சு.

பாடம் இதுதான். எந்த செட்டு முதல்ல ஓடணும்னு வாடகைக்குப் பேசினவன் சொல்லக்கூடாது. எது வாடுதோ அதுதான் சொல்லணும்.

தர்மகர்த்தா சொன்னபடியே அடுத்த வருசம் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிட்டாரு. போகட்டும். மாதம்மா பண்ணை இப்பப் பெருசாயிருச்சு. வாசல்ல போர்டு: 'அம்மன் அருளால் பிழைத்த பண்ணை'. அந்த வழியா போறப்பெல்லாம் வண்டியை நிறுத்திப் படிக்கிறேன், படிச்சா அன்னிக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அம்மன் அருளை நான் இல்லேங்கலை. அம்மனோட மைக்கைப் பிடுங்கித்தானே அந்தத் தண்ணி வந்துச்சு? போர்டுல கீழ இடம் இருக்குது, பார்த்துட்டேன். அம்மன் பேருக்குக் கீழ என் பேரை எழுது தங்கச்சி. பெயிண்டு நானே வாங்கித் தர்றேன்.