மாடி ஏறப் பயந்த அதிகாரி

பிள்ளைகளே, நாம் நகராட்சிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தபோது உங்களுக்குச் சின்ன வயசு. நீங்கள் படுக்கும் இடத்துக்கு மேலே பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. மழைக்கு முன்னால் சரிசெய்யச் சொல்லிக் குடியிருந்தவர்கள் எல்லோரும் பலமுறை மனு கொடுத்தோம். கட்டடம் நன்றாக இருப்பதாகவே பதில் வந்தது.

ஒருநாள் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெள்ளையடிச்சா போதும்" என்றார்.

உங்கள் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேல வாங்க சார், டீ போட்டுக்கினு இருக்கேன்."

அவர் படியேறிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டதும் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. சட்டென்று இறங்கிவிட்டார்.

"டீய இங்கயே குடுத்துடும்மா."

"வூட்டுக்கு வந்தவங்களுக்கு வூட்லதான் சார் டீ. நீங்க ஏறவே பயப்படுறீங்க, என் புள்ளைங்க ராத்திரி பூரா அங்கதான தூங்குது?"

கீழ்வீட்டு லாரி டிரைவர், "ஹெல்மெட் தரட்டா சார்?" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி முகம் கறுத்து வண்டியை எடுத்தார்.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். நகரவே இல்லை.

"மேல வந்து பாருங்க சார். இல்லன்னா திங்கக்கிழமை எல்லாரும் விழுப்புரம் பஸ் ஏறிக்கினு கலெக்டராண்ட போவோம்."

அதிகாரி வண்டியை விட்டு இறங்கி, சுவரோரமாக ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கம்பியைப் பார்த்தவர், "இன்னிக்கே புள்ளைங்கள வேற எடத்துல படுக்க வைங்க" என்றார்.

"அத எழுதுங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நாங்கள் யாரும் வாசலை விட்டு விலகவில்லை.