பிரதாபன் வெட்டிய இடைவெளிகள்

மல்லாவியில் கலியாண வீடியோ என்றால் பிரதாபன்தான். தொழிலில் ஆள் விண்ணன். தாலி கட்டுகிற இடத்துக்கு மேளம், சோறு பரிமாறுகிற இடத்துக்குச் சினிமாப் பாட்டு. இரண்டு நொடி சத்தம் இல்லாமல் ஓடினால் போதும், பழுது என்று சனம் திருப்பிக்கொண்டு வந்துவிடும். இருபது வருடமாக அப்படிப் பழகியதில், வெறுமையான இடத்தைக் கண்டால் அவர் கை தானாகவே வெட்டும். இல்லாவிட்டால் எதையாவது போட்டு நிரப்பும்.

மகள் தேனுகாவை ஒன்பது வயதில் தன் தங்கையோடு கனடாவுக்கு அனுப்பினார். நல்லாயிருக்கட்டும் என்றுதான் அனுப்பினார். பிள்ளை அங்கே பியானோ படித்தாள். போனில் சாப்பாடு, படிப்பு, சுகம் என்பதைத் தாண்டி இருவருக்கும் கதை வளரவே இல்லை. அப்படியிருக்க, போன வருடம் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஓர் இறுவட்டுக் கொடுத்துவிட்டாள். இந்தக் காலத்து அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் பியானோவுக்கென்றே எழுதிய ஆறு ஆக்கங்கள். அவள் தனியாக வாசித்துப் பதிந்தது. “கேட்டிட்டுச் சொல்லுங்கோ அப்பா” என்று எழுதி ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தாள். அவள் அவரிடம் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல்தடவை.

கடையில் போட்டுக் கேட்டார். பியானோவில் ஒரு கட்டையைத் தொடுகிறாள், பிறகு ஒன்றுமில்லை. எட்டு வரை எண்ணினால் இன்னொன்று. பதிந்தவன் பிள்ளையை நல்லாக ஏமாற்றிப்போட்டான் என்று பிரதாபனுக்குக் கோபமே வந்துவிட்டது. வேறு வேலை எடுக்காமல் இரண்டு நாள் இருந்து, வெறுமையான இடங்களையெல்லாம் வெட்டி ஒட்டினார். அடியில் மெல்லிசாகத் தபேலாவும் போட்டார். ஐம்பது நிமிடம் பதினெட்டாகச் சுருங்கியது. சொந்தக்காரர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மகளுக்கும் அனுப்பினார். மனுசனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

அடுத்த நாள் அவள் அவருக்குப் போன் எடுத்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்பா, அது பழுதில்லை. அந்த இடைவெளியும் எழுதினதுதான். ஒவ்வொரு சத்தமும் அடங்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கோணும். அதைப் பழக எனக்கு ஒரு வருசம் போனது.”

“எனக்குத் தெரியாதே பிள்ளை. உனக்கு நல்லா வரட்டும் எண்டுதான் செய்தனான்.”

“ஓம். தெரியும்,” என்று போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் வெட்டாத இறுவட்டைத்தான் கேட்கிறார். முதலில் செய்த பிழைக்குப் பரிகாரமாகக் கேட்டார், போகப்போகப் பிடித்துவிட்டது. நாலாவதில் ஒரு சத்தம் முழுக்க அடங்குகிறபோது அவள் மூச்சு விடுவதும் கேட்கும். ஒன்பது வயதுக்குப் பிறகு மகளின் மூச்சை அவர் அவ்வளவு கிட்டக் கேட்டது அங்கேதான். அதையும் சேர்த்துத்தான் அவர் வெட்டி எறிந்திருந்தார்.

போன மாதம் அவளுடைய இரண்டாவது இறுவட்டு வெளிவந்ததாகத் தங்கை சொன்னாள். உடனே மகளுக்குப் போன் எடுத்து, எனக்கும் ஒன்று அனுப்பிவிடு பிள்ளை என்று கேட்டார்.

“வேண்டாம் அப்பா. உங்களுக்குப் பிடிக்காது,” என்றாள் தேனுகா. கோபமாக அல்ல, அன்பாகவே சொன்னாள்.

பிடிக்கும் என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால், தன் மனம் நோகாமல் இருக்கத்தான் அப்பா சொல்கிறார் என்று அவள் நினைப்பாள். அவர் செய்த வேலைக்கு வேறென்ன நினைப்பாள்?

“சரி பிள்ளை,” என்றார். பிறகு, அங்கே இப்ப குளிரோ என்று கேட்டார்.