பச்சைத் தைலம்

எங்கள் வீட்டில் நோவைத் தணிக்கிற எதற்கும் தைலம் என்றுதான் பெயர். கடைக்காரர் களிம்பு, பாம், எண்ணெய் என்று தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தார், சித்தி மசியவில்லை. தலைவலிக்குத் தைலம், எறும்புக்கடிக்குத் தைலம், பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் தைலம். லாரி ஓட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் அப்பாவுக்கென்று, மூக்கைத் துளைக்கிற பச்சைத் தைலம் ஒரு புட்டி தனியாக இருந்தது.

சித்தி அப்பாவின் இரண்டாம் தாரம். என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே தவறிவிட்டாள். மேச்சேரிக்குப் பக்கத்தில் சோளக்காட்டுக்குள் எங்கள் வீடு. அப்பா பாதி மாதம் வடக்கே போய்விடுவார். சித்தியும் நானும் ஆடுகளும்தான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஓர் ஆடு குட்டி போட்ட கையோடு செத்துப்போனது. குட்டிக்குப் பசும்பால் புகட்டினோம். சேராமல் கழிந்து கழிந்து துவண்டது. அதே சமயம் இன்னோர் ஆட்டுக்குக் குட்டி செத்தே பிறந்தது. அது மடியில் பால் கட்டிக்கொண்டு நின்றது. கவலை விட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த ஆடு குட்டியை மோந்து பார்த்தது, தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் முட்டித் தள்ளியது. குட்டி விழுந்த இடத்தை விட்டு எழவில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

சித்தி உள்ளே போய் அப்பாவின் பச்சைத் தைலத்தோடு வந்தாள். ஆட்டின் மூக்கில் தடவினாள். குட்டியின் தலையிலும் முதுகிலும் வாலடியிலும் தேய்த்தாள்.

“அதுக்கு மூக்குல நோவுங்களா சித்தி?”

“நோவுதான் சாமி. நீ குட்டியப் புடி.”

ஆடு தும்மியது, தலையை உதறியது. எங்கே மோந்தாலும் தைல வாசம்தான். தன் குட்டி எது, வேற்றுக் குட்டி எது என்று அதற்குப் பிடிபடவில்லை. சித்தி அதைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காம்பைக் குட்டியின் வாயில் வைத்தாள். நன்றாக உதையும் வாங்கினாள். ஓர் அதட்டல் கிடையாது. வேளாவேளைக்கு இதே கூத்து நடந்தது. அப்படியொரு பொறுமையை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

அப்பா வந்து காலிப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“ஆடு பூசிக்கிச்சுங்க,” என்றாள் சித்தி. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தைலம் தீர்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வாசம் போய்விட்டால் ஆடு கண்டுபிடித்துவிடாதா? மறுநாள் விடிந்ததும் பட்டிக்கு ஓடினேன். யாரும் பிடிக்காமலே ஆடு நின்றுகொண்டிருந்தது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. ஆடு திரும்பி அதன் முதுகை மோந்தது, பிறகு நக்கிக்கொடுத்தது.

“நல்லா ஏமாந்துபோச்சுங்க சித்தி,” என்று கைகொட்டிச் சிரித்தேன். “தன்னோட குட்டி இல்லைன்னு இன்னும் தெரியல பாருங்க.”

சித்தி எனக்குச் சடை பின்னிக்கொண்டே, “அதெல்லாம் எப்பவோ தெரிஞ்சிருக்கும் சாமி. தெரிஞ்சுதான் குடுக்குது,” என்றாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஆடு ஏமாந்த கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தி ஆட்டைப் பற்றித்தான் பேசினாள் என்று நினைத்திருந்தேன்.