குழாய்க்குள் ஒரு ஸலாம்

நம்பாதவர்கள் அட்டாளைச்சேனைக்கு வந்து றிபாத்திடமே கேட்கலாம். அவன் கதை கட்டுகிற ஆளில்லை. இது நடந்தது.

குளிர் நாடொன்றில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை. உள்ளே ஊறும் மீத்தேன் வாயுவைக் குழாயால் இழுத்து எரிப்பார்கள். பூமி சூடாவதைத் தடுத்ததாகக் கம்பெனிக்குச் சான்று கிடைக்கும். புகை கக்கும் பெரிய ஆலைகள் அந்தச் சான்றை விலைக்கு வாங்கித் தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்ளும்.

அவனுக்கு முன்னால், சுரங்கம் மூடுமுன், அங்கே வேலை செய்தவன் அதே ஊர் அப்ராஸ். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றது கம்பெனி. எவளோடோ குடும்பம் நடத்துகிறான் என்றது ஊர்.

றிபாத் புறப்படும்போது அப்ராஸின் மனைவி மைமூனா வேலியருகே நிறுத்தினாள்.

"தம்பி, அவரக் கண்டா சண்டைக்குப் போகாத. நான் காத்திருக்கிறதா, வேணாமா... அத மட்டும் கேட்டுட்டு வா."

"ஓம் றாத்தா."

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சுரங்க வாயைக் கொங்கிறீற்றால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஆணியடித்த பலகை. முன்பெல்லாம் உள்ளே போகிறவன் தன் பெயர் வெட்டிய பித்தளை வில்லையை அதில் மாட்டுவான். வெளியே வந்ததும் கழற்றுவான். இப்போது பலகை வெறுமையாக இருந்தது.

மூன்றாம் நாள், பின்னேர அசர் தொழுகை நேரம். நல்ல வெயில். மோட்டார் நின்றுபோனது. பார்ப்பதற்காகக் குழாயின் மூடியைத் திறந்தான். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. இறந்தவர்களை அடக்கிய மையவாடியைக் கடக்கும்போது வருகிற பழக்கம்... வாய் தானாக ஸலாம் சொன்னது.

உள்ளே...

டக். டக்.

"வஅலைக்கும் ஸலாம்."

"ஆரது?"

மூச்சுச் சத்தம்.

"காத்திருக்க வேணாமெண்டு சொல்லு."

அவன் ஊரார் பேசுகிற அதே பேச்சு.

மோட்டார் தானாக ஓடியது. குழாய் அந்தக் குரலையும் இழுத்தது. மேலே தீ ஒரு முழம் உயர்ந்து எரிந்தது.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அந்த வாரமே வந்துவிட்டான். மைமூனாவிடம் சொன்னான். கதை பரவி, தேத்தண்ணிக் கடையில் சிரித்தார்கள்.

"இப்ப பேய்ட்டதான் தலாக் சொல்லி அனுப்புறாங்களாம் மச்சான்."



போன மாதம் மைமூனா கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு படம் கண்டாள். சுரங்கம் மூடிய நாள். ஈரம் காயாத கொங்கிறீற். முன்னால் சிரிக்கும் பெரிய மனிதர்கள். உள்ளே எவருமில்லை என உறுதிசெய்து மூடியதாகக் கீழே எழுதியிருந்தது.

பின்னால் பலகை. அதில் ஒரேயொரு வில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். அப்ராஸ்.

அன்றே வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா இருக்கத் தொடங்கினாள்.

றிபாத்துக்கு இன்றும் தூக்கமில்லை. அவன் போனபோது பலகை வெறுமையாக இருந்ததே...

யார் கழற்றியது?